வீட்டில் சாமி, வண்டி டிக்கியில் கவர்

இதை எழுதட்டுமா என்று என் கணவரிடம் கேட்டேன். "எழுது. பேரைப் போடாத," என்றார். யார் பேரை என்றேன். "என் பேரைத்தான். உன் பேரைப் போட்டா எனக்கென்ன," என்றார். ஆகவே அவர் இதில் கடைசிவரை 'அவர்'தான். நான் வாணி. ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறோம். நான் திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அவர் தொட்டியத்துக்காரர், வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறார். ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

எனக்கு வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அதற்கு என்ன சிகிச்சை, என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன ஆகும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. சொன்ன ஒன்றிரண்டு பேர் சொன்னதும் எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. அந்தக் குழப்பத்தைத்தான் எழுதப் போகிறேன். தெளிவை எதிர்பார்த்து வருகிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

நோய் தெரிய ஆரம்பித்ததே படுக்கையில்தான். எனக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாங்கள் சேர்ந்திருந்த மறுநாள் காலை படுக்கை விரிப்பில் ரத்தம். அவர்தான் முதலில் பார்த்தார். "என்னாலயா?" என்று கேட்டார். "சூடு புடிச்சிருக்கும், விடுங்க," என்று சொல்லிவிட்டு வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். திருச்சியில் எந்த உபாதைக்கும் முதல் பழி சூட்டின் மேல்தான். கொஞ்ச நாளில் மறுபடி அதேபோல் பட்டது. அதற்கும் அடுத்த முறை நிறையவே பட்டது. அப்புறம்தான் மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே உள்ளே பார்த்துவிட்டு ஒரு துளி சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று ஓர் இளம் டாக்டர் அவரைப் பார்த்தே பேசினார். நான் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "சார், கொஞ்சம் தைரியமாக் கேளுங்க," என்று ஆரம்பித்தார். நோய் எனக்கு, தைரியம் அவருக்கு வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டதால் கோபத்தை யாரும் கவனிக்கவில்லை.

கர்ப்பப்பை வாய் என்பது கர்ப்பப்பையின் கீழ்முனை. பிறப்புறுப்பின் உட்பாதை போய் முடிகிற இடம். கட்டி அங்கிருந்து பக்கத்துச் சதைக்கும் கொஞ்சம் நகர்ந்துவிட்டதால் அறுவை சிகிச்சை கிடையாது, கதிர்வீச்சும் அதோடு வாரம் ஒருமுறை மருந்தும்தான் என்றார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் மட்டும் பேசினார். என்ன பேசினார் என்று வண்டி நிறுத்தும் இடத்தில் கேட்டேன். "செலவைப் பத்தி," என்றார்.

கார்த்திகை பிறந்ததும் அவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். கல்யாணமான புதிதில் போய்வந்தவர், மண்டி பெரிதான பிறகு விட்டுவிட்டார். இந்த வருஷம் எனக்காகப் போகிறேன் என்றார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், இரண்டு வேளைக் குளியல், ஹாலில் பாய். மாலை போட்டவரை யாரும் பெயர் சொல்லக் கூடாது, 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் என்னை வாணி என்று கூப்பிடுவதை நிறுத்தினார். மாலை கழுத்தில் இருக்கும்வரை கணவன் மனைவி சேர்க்கை கிடையாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்காக ஒரு மனுஷன் இவ்வளவு செய்கிறாரே என்று அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாள். கொடுக்கும்போது வலிக்காது, எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, மூத்திரப்பை நிரம்பிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். நிரம்பிய பை குடலைக் கதிர் படாமல் தள்ளி வைக்குமாம். ஆகவே காத்திருக்கும் கூடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் காலைப் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்போது பார்த்து இயந்திரம் நின்றுபோகும். ஒருத்தி எழுந்து கழிப்பறைக்கு ஓடினால் மற்றவர்களால் தாங்க முடியாது. அழுத நாளை விட அங்கே சிரித்த நாள் அதிகம் என்றால் நம்ப மாட்டீர்கள்.

பச்சைமலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா என் பக்கத்தில்தான் உட்காருவார். வாசலில் கறுப்பு வேட்டியோடு நிற்கும் அவரைக் காட்டி, "உனக்காகவா மாலை போட்டிருக்காரு?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"குடுத்து வச்சவ நீ. என் வீட்டுக்காரரு, இனிமே உன்னால எனக்கு என்ன பிரயோசனம்னு கேட்டுட்டாரு. வேற பொண்ணு பாக்குறாங்களாம்."

ஆறுதலாக என் தண்ணீர்ப் பாட்டிலை அவரிடம் நீட்டினேன். "ஏற்கெனவே முட்டிக்கிட்டு நிக்குது, இதுல நீ வேற," என்றார். ஆனால் 'என்ன பிரயோசனம்' என்ற வார்த்தை அன்றைக்கு என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

போகப்போக வயிற்றுப்போக்கும் எரிச்சலும் வந்தன. எழுந்து நடக்கவே வெறுப்பாக இருந்தது. வெளியே சாப்பிடாத சாமி என்பதால் அவரே சமைத்தார். முதல் வாரம் ரசம் என்று அவர் வைத்ததைப் பெயர் சொல்லிச் சாப்பிட முடியாது. பிறகு நன்றாகவே வந்தது. குழைந்த சாதத்தில் மோர் விட்டுப் பிசைந்து, டம்ளரில் ஊற்றி, கட்டிலுக்குக் கொண்டுவந்து தருவார். பில் கட்டும் வரிசையில் அவர்தான் நிற்பார். எவ்வளவு ஆயிற்று என்று இன்றுவரை சொன்னதில்லை. எல்லாம் செய்தார். டம்ளரை மட்டும் என் கையில் தராமல் மேஜையில் வைப்பார்.

கடைசியில் உள் கதிர்வீச்சு. மயக்க மருந்து கொடுத்து, பாதை வழியாகக் குழாய் வைத்து, கட்டி இருந்த இடத்துக்கே கதிரைச் செலுத்துவது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை. அவருடைய கோஷ்டி மலைக்குக் கிளம்பியது அந்த வாரத்தில்தான். அவர் போகவில்லை, மருத்துவமனை வராந்தாவில் இருந்தார். 'வீட்டுல உடம்பு சரியில்லாதப்ப சாமி ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு, வாங்க, கோயில்ல வச்சு மாலையைக் கழட்டிடலாம்' என்று குருசாமி ஃபோன் செய்தார். மலைக்குப் போய்விட்டுத்தான் கழற்றுவேன் என்று இவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். மாசியில் நடை திறந்தது, போகவில்லை. பங்குனியிலும் போகவில்லை. மண்டியில் எல்லாரும் இது என்ன புது விரதம் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

நான் வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டேன். என்னைத் தொட அருவருப்பா? ஒட்டிக்கொள்ளும் என்ற பயமா? உடம்பில் கதிர் மிச்சம் இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டார்களா? வெளியிலிருந்து கொடுத்த கதிர் வெளியே போய்விடும், உள்ளே வைத்ததையும் எடுத்துவிடுவார்கள், மிச்சம் எதுவும் இருக்காது என்று அவர் முன்னால்தான் சொன்னார்கள். அப்புறம் ஏன்? ஒருவேளை உண்மையான பக்திதானோ? பக்தியைச் சந்தேகப்படுகிற நான் என்ன ஜென்மம்? இப்படியே ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சுற்றி வந்து நின்ற இடத்திலேயே நிற்பேன்.

இதற்கு நடுவில் அந்தக் கவர். சிகிச்சை முடிந்து கிளம்பும்போது நர்ஸ் ஒரு பழுப்புக் கவரைக் கையில் திணித்து, காதோடு காதாக ஏதோ சொன்னார். பக்கத்தில் வேறொரு நோயாளியின் அண்ணன் நின்றிருந்ததால் எனக்குக் கேட்டது 'ஜெல்லி', 'பத்து நிமிஷம்', 'வாரத்துக்கு மூணு தடவை' மட்டும்தான். வீட்டில் பிரித்துப் பார்த்தேன். சின்னதிலிருந்து பெரியதுவரை வழவழப்பான பிளாஸ்டிக் குழாய்கள், மெழுகுவர்த்தி போல முனை மழுங்கியவை. இதற்குப் பெயர் டைலேட்டர். கதிர் பட்ட பிறகு உட்பாதையின் சதை வறண்டு, சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஜெல்லி தடவி இதை மெதுவாக உள்ளே வைத்து எடுத்துக்கொண்டிருந்தால் வழி மூடாது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்குப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஹாலில் சரணம் சொல்லும் சத்தம் கேட்கிறது. சாமி இருக்கிற வீட்டில், பூஜை நடக்கிற வீட்டில், இதை எந்த அலமாரியில் வைப்பது? அப்படியே கவரில் போட்டு, கொண்டுபோய் என் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் டிக்கியில் வைத்துப் பூட்டினேன். மலைக்குப் போய் வந்து அவர் மாலையைக் கழற்றட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். நான் வேலைக்குத் திரும்பிய பிறகு அது கல்லூரிக்கும் வீட்டுக்குமாக என்னோடு காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது. ஒருநாள் கல்லூரி வாசலில் செக்யூரிட்டி டிக்கியைத் திறக்கச் சொன்னார். சாவி வேலை செய்யவில்லை என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, அரை நாள் லீவு போட்டேன்.

சித்திரையில் சோதனைக்குப் போனேன். எனக்குக் கதிர்வீச்சு கொடுத்த பெண் டாக்டர், கிட்டத்தட்ட என் வயது. உள்ளே விரல் வைத்ததும் கத்திவிட்டேன்.

"டைலேட்டர் யூஸ் பண்றீங்களா?"

"பண்றேன் மேடம்."

"பண்ணலை," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "பாதி வழி ஒட்டிடுச்சு வாணி. இன்னும் தள்ளிப் போட்டா சுத்தமா மூடிக்கும். அப்புறம் உள்ள நோய் திரும்ப வந்தாலும் என்னால பார்க்க முடியாது. உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவுல எதுவும் நடக்க வழியே இருக்காது. சிகிச்சை முடிஞ்சு இத்தனை மாசமாச்சு. நீங்க சேர்ந்து இருக்கலாம், ஒண்ணும் ஆகாது. யாரும் சொல்லலையா?"

"வீட்ல சாமி இருக்காரு மேடம்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க, நானே பேசுறேன்," என்றார். வெளியே காத்திருந்தவரை நான் போய்க் கூட்டி வந்தேன். அறைக்குள் கறுப்பு வேட்டியும் துளசி மாலையும் நெற்றி நிறையச் சந்தனமுமாக அவர் வந்து நின்றதும், டாக்டர் தன்னையறியாமல் எழுந்துவிட்டார். "வாங்க சாமி, உக்காருங்க சாமி." வாயைத் திறந்தார், மூடினார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். எத்தனையோ பேரிடம் எதையெதையோ பேசியிருப்பார், மாலை போட்டவரிடம் அந்தப் பேச்சை எடுக்க அவருக்கும் நாக்கு எழவில்லை. கடைசியில், "சாமி நல்லபடியா மலைக்குப் போயிட்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாம்," என்றார். இவர் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். நானும் டாக்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ஸாரி," என்று சொல்லித் தன் செல் நம்பரைத் தந்தார்.

இனி எனக்காகப் பேச யாரும் இல்லை என்று தெரிந்துபோனது. வீட்டுக்கு வந்ததும் அவர் வாழைத்தண்டு நறுக்க உட்கார்ந்தார். நான் வண்டியிலிருந்து கவரை எடுத்துவந்து தண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இது என்ன, எதற்கு, ஏன் இத்தனை மாதம் டிக்கியில் கிடந்தது என்பதோடு டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். அவர் ஒன்றை எடுத்து, மண்டியில் காய் தரம் பார்க்கிற கண்ணோடு திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"என்னைத் தொட அருவருப்பா இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டேன். "இருந்தா சொல்லிடுங்க. மாலையைப் போட்டு மறைக்காதீங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அன்னிக்கு அந்தச் சின்ன டாக்டர் என்னை மட்டும் உள்ள வச்சுப் பேசினாரே, செலவைப் பத்தி இல்ல. இது எப்படி வருதுன்னு நான்தான் கேட்டேன். ஒரு வைரஸாம். புருஷன்கிட்ட இருந்துதான் பொண்டாட்டிக்கு வருமாம். நான் தொட்டுத்தான் உனக்கு இது வந்துச்சு. ரத்தம் வந்ததும் என்னாலதான். இனிமே ஜென்மத்துக்கும் உன்னைத் தொடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். வீட்ல சும்மா தள்ளிப் படுத்தா நீ காரணம் கேப்ப. மாலை போட்டா யாரும் கேக்க மாட்டாங்கல்ல?"

எனக்கு முதலில் வந்தது பரிதாபமில்லை. "எங்க போனீங்க?" என்று கேட்டேன்.

அவர் நறுக்கிய தண்டிலிருந்து நாரை விரலில் சுற்றி இழுத்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி. கேரளாவுக்குத் தார் லோடு ஏத்திட்டுப் போனப்போ. ஒரே தடவை."

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த ஆள். அடிக்கலாம் போல இருந்தது. ஆறு மாதம் ரசம் வைத்த கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. எதைச் செய்வதென்று தெரியாமல் நம்பர் தந்த டாக்டருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "மேடம், சாமி பக்கத்துலதான் இருக்காரு. இந்த நோயைத் தான்தான் குடுத்துட்டதா சொல்றாரு."

முகத்தைப் பார்க்காதது வசதியாக இருந்ததோ என்னவோ, இந்த முறை டாக்டர் பேசிவிட்டார். "சாமி, கேட்டுக்குங்க. அந்த வைரஸ் கல்யாணமான முக்கால்வாசிப் பேருக்கு எப்பவாவது ஒரு தடவை வந்துட்டுப் போயிருக்கும். ஆம்பளைக்கும் வரும், பொம்பளைக்கும் வரும். நிறையப் பேருக்குத் தானாவே போயிடும், சிலருக்கு வருஷக்கணக்கா உள்ளயே தங்கிடும். எப்ப வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்லயும் கண்டுபிடிக்க முடியாது. நீங்களே குத்தவாளின்னு எழுதிக்கிட்டு நீங்களே தண்டனையும் குடுத்துக்காதீங்க. அந்தத் தண்டனையை அனுபவிக்கிறது அவங்கதான். இப்ப சேர்ந்து இருந்தா அதனால கேன்சர் திரும்ப வராது, உங்களுக்கும் கேன்சர் ஒட்டாது. மெதுவா, ஜெல்லி போட்டு, வலிச்சா நிறுத்திக்குங்க. முதல்ல அந்த டைலேட்டரை ஆரம்பிக்கச் சொல்லுங்க." பிறகு ஒரு மாதிரி தயங்கி, "சாமி சரணம்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் தண்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மீதித் தண்டை நான் நறுக்கினேன். அந்த ஒரு தடவையை நான் மன்னித்துவிட்டேனா என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. மன்னிக்க அதில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் தோன்றும், மறுநாள் அவருக்குக் காபி தரும்போது நாக்கு வரை வந்து நிற்கும். என் நோய் அதனால்தான் என்று சொல்லவும் முடியாது, அதனால் இல்லை என்று சொல்லவும் முடியாது. டாக்டருக்கே தெரியாதாம். தெரியாத ஒன்றோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து நிறைய அழுதேன்.

வெயில் தாழ்வதற்குள் திரும்பி வந்தார். குருசாமியைப் பார்த்து, கோயிலில் வைத்துக் கழற்றிவிட்டு வந்திருக்கிறார். கழுத்து வெறுமையாக, மாலை கிடந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. நான் படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வரலாமா என்று கேட்கிறவர் மாதிரி நிலைப்படியில் நின்றார். பிறகு வந்து கட்டிலின் ஓரத்தில், என்னிடமிருந்து ஒரு தலையணை தூரத்தில் உட்கார்ந்தார். வலிக்கும் என்ற பயம் இருந்தது, அவர் பயந்து எழுந்து போய்விடுவாரோ என்ற பயமும் இருந்தது.

"வாணி," என்றார். "டாக்டர் சொல்லிட்டாங்க, வழி மூடிடும்னு. அதுக்காகன்னா அந்தக் குழாயே போதும். நான் ஒண்ணு கேக்குறேன், நெஜத்தைச் சொல்லு. உனக்கு வேணுமா?"

நோய் வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். வலிக்கிறதா, சாப்பிட்டாயா, ரத்தம் பட்டதா, தூங்கினாயா. அதற்கு முன்னால் கல்யாணமான இத்தனை வருஷத்திலும், விளக்கை அணைத்த பிறகு அவர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்கப்படாததால் நானும் யோசித்ததில்லை.

"தெரியலைங்க," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"கதவைச் சாத்திட்டு வாங்க," என்றேன். "தெரிஞ்சுக்கலாம்."